‘பெண்’ என்னும் முன்னொட்டு: இலங்கைப் பொலிஸில் ஒரு பதவி உயர்வும் அதை எதிர்த்த மனுவும்

வினா

2020 செப்டெம்பரில் பிம்ஷானி ஜசின் ஆராச்சி பிரதிப் பொலிஸ் மா அதிபராகப் பதவி உயர்த்தப்பட்டார். 1866ஆம் ஆண்டிலிருந்து தன் வயதைக் கணக்கிட்டுக்கொள்ளும் இலங்கைப் பொலிஸில் அந்தத் தரத்தை எட்டிய முதலாவது பெண் அவர். நாளேடுகள் வழமைபோலப் படம் போட்டு வாழ்த்தின. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே, முப்பதுக்கும் மேற்பட்ட ஆண் அதிகாரிகள் அந்த நியமனத்தை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தனர். (தமிழக வாசகருக்கு ஒரு குறிப்பு: இலங்கையில் உயர் நீதிமன்றம் என்பது நாட்டின் அதியுயர் மன்றம்.) ஊடகங்களில் வெளியான அளவில், மனுவின் நடுநாயகமான வாதம் விசித்திரமானது. கீழ்த் தரங்களில் பெண்களுக்கெனப் பதவி தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது; பிரதிப் பொலிஸ் மா அதிபர் தரத்தில் பெண்ணைப் பற்றிய பேச்சே இல்லை; ஆகவே ஒரு பெண்ணை அந்தத் தரத்துக்கு உயர்த்த விதியில் இடமில்லை என்பதே அது.

இந்த மனுவை எப்படி வாசிப்பது? ஆணாதிக்கத்தின் அப்பட்டமான வெளிப்பாடு என்று அன்று பலரும் எழுதினர். அது பிழையான வாசிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் இன்னொரு கேள்வி கேட்கப்படாமல் போகிறது. சட்டமும் நிர்வாகமும் பயின்ற சிரேஷ்ட அதிகாரிகள் இத்தனை பேர் அதியுயர் மன்றத்தின் முன் வைக்கத் துணியும் அளவுக்கு இந்த வாதத்துக்கு உருவம் கொடுத்தது எது? இக்கட்டுரை அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்கிறது. மனுதாரர் தாமாக ஒரு வாதத்தைப் புனைந்துவிடவில்லை, எழுபது ஆண்டுகளாக ஆளணி ஏட்டில் இருந்த ஒரு பிரிவினையை அதன் கடைசிப் படி வரை வாசித்தார்கள் என்பது எனது நிலைப்பாடு.

பெண் பொலிஸ் அதிகாரிகளைப் பற்றி நம்மிடம் இருக்கும் எழுத்து பெரும்பாலும் இரண்டு வகைப்படும். ஒன்று வீரசரிதை. இந்தியாவின் கிரண் பேடியைப் பற்றித் தமிழில் வந்த நூல்களும் கட்டுரைகளும் அநேகமாக இந்த வகை: துணிவு, நேர்மை, தனிமனித உறுதி. மற்றது அனுதாப எழுத்து: வீட்டுச் சுமை, சீண்டல், இடமாற்றம். இரண்டுமே ஆளை மட்டும் பார்க்கின்றன. அவர் ஏறிய ஏணியைப் பார்ப்பதில்லை. ஏணியைப் பார்த்த அரிய நூல்களுள் ஒன்று, தமிழ்நாட்டு மகளிர் பொலிஸை ஆராய்ந்த மங்கை நடராஜன் 2008இல் வெளியிட்ட ஆங்கில நூல். தனி மகளிர் நிலையங்கள் சமத்துவத்துக்கான கொல்லைப்புற வழியாகப் பயன்பட்டன என்பது அவருடைய முடிவு. அந்த முடிவோடு எனக்குப் பாதி உடன்பாடு. மறுபாதிக்குப் பின்னர் வருகிறேன்.

முந்தியவர் பிந்திய கதை

இலங்கை இதில் பின்தங்கிய நாடாகத் தொடங்கவில்லை. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. அடுத்த ஆண்டே, கொட்டாஞ்சேனையை உள்ளடக்கிய கொழும்பின் வடபகுதியிலிருந்து நேசம் சரவணமுத்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1960இல் உலகின் முதலாவது பெண் பிரதமர் இந்த நாட்டில் பதவியேற்றார். பொலிஸும் காலத்தோடு ஒட்டியே நடந்தது. முதலாவது இலங்கையர் பொலிஸ் மா அதிபரான சேர் றிச்சட் அலுவிகாரையின் காலத்தில், 1952இல், பெண்கள் சேவையில் சேர்க்கப்பட்டனர். தமிழ்நாட்டுப் பொலிஸில் பெண்கள் சேர்ந்தது 1973இல். கணக்குப்படி நாம் இருபத்தொரு ஆண்டு முந்திவிட்டோம்.

ஆனால் ஏணியின் நடுவே வந்ததும் கணக்கு தலைகீழாகிறது. கிரண் பேடி 1972இல் இந்தியப் பொலிஸ் சேவையில் நேரடியாக அதிகாரித் தரத்தில் சேர்ந்தார். இலங்கையில் ஒரு பெண் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஆவதற்கு 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் பிரேமிளா திவாகர. அதற்கு அடுத்த ஆண்டுதான் ஒரு பெண் பிரதான பொலிஸ் பரிசோதகர் ஒரு பொலிஸ் நிலையத்தின் பொறுப்பதிகாரியானார். 1952க்கும் 1988க்கும் இடையில் முப்பத்தாறு ஆண்டு. 1988க்கும் 2020க்கும் இடையில் முப்பத்திரண்டு ஆண்டு. கடைநிலையில் முந்திச் சேர்த்துக்கொண்ட நிறுவனம் மேல்நிலையில் இவ்வளவு பிந்தியது ஏன்? திறமையுள்ள பெண்கள் கிடைக்கவில்லை என்ற பதில் எடுபடாது. அதே காலத்தில் நீதித்துறையிலும் மருத்துவத்திலும் கல்வியிலும் இலங்கைப் பெண்கள் எங்கே இருந்தார்கள் என்பது யாவரும் அறிந்தது.

விடை சேர்த்துக்கொண்ட முறையில் இருக்கிறது. 1952இல் வந்தவர்கள் பொலிஸ் கான்ஸ்டபிள்களாக வரவில்லை. ‘பெண் பொலிஸ் கான்ஸ்டபிள்’களாக வந்தார்கள். பதவிப் பெயரின் முன்னே நிற்கும் அந்த ஒற்றைச் சொல் மரியாதைக்கோ அடையாளத்துக்கோ வைத்ததல்ல. அது தனி ஆளணியைக் குறிப்பது. எத்தனை பெண் கான்ஸ்டபிள், எத்தனை பெண் சார்ஜன்ட், எத்தனை பெண் உப பரிசோதகர் என்று ஒவ்வொரு படியிலும் ஒதுக்கப்பட்ட எண்ணிக்கை உண்டு. வெற்றிடமும் அந்த எண்ணிக்கைக்குள்ளேயே வர வேண்டும். மேலேயுள்ள ஒரு பெண் ஓய்வு பெற்றாலோ உயர்ந்தாலோதான் கீழேயுள்ள பெண்ணுக்கு இடம். பக்கத்து மேசை ஆண் சார்ஜன்டுக்கு நாடளாவிய வெற்றிடங்கள் கணக்கில் வரும். இவருக்கு விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஏணியின் அடி அகலமாகவும் நுனி ஊசியாகவும் இருப்பது எந்தப் பொலிஸிலும் இயல்பு. தனி ஆளணியிலோ நுனி வரையப்படவே இல்லை. இருபது ஆண்டு சேவை செய்த ஒருவர் ஒரே தரத்தில் தேங்குவதற்கு எந்த மேலதிகாரியும் பகை பாராட்ட வேண்டியதில்லை, ஏடே போதும்.

இது பிரித்தானிய மரபின் எச்சம். லண்டன் மாநகரப் பொலிஸில் பெண்கள் தனிப் பிரிவாகவே நெடுங்காலம் இருந்தனர். 1970களில்தான் அந்தப் பிரிவுகள் பொதுச் சேவையோடு இணைக்கப்பட்டன. 1975இன் பால் பாகுபாட்டுச் சட்டம் அதற்கு முத்திரை வைத்தது. நமக்கு மாதிரியைத் தந்தவர்கள் மாதிரியைக் கைவிட்ட பின்னும் நாம் அதைக் காத்தோம். காலனித்துவத்தின் பழைய கோப்புகளைப் பேணுவதில் நமது திணைக்களங்களுக்கு உள்ள பற்று தனியே ஆராயத்தக்கது.

தனி ஆளணி தனி வேலையையும் கொண்டுவந்தது. சந்தேக நபர் பெண்ணாயின் கண்ணியம் பேணி இன்னொரு பெண்ணே உடற்சோதனை செய்ய வேண்டும் என்பது குற்றவியல் நடபடிமுறைச் சட்டத்தின் விதி. பெண் கைதிக்குத் துணை போதல், தாயைப் பிரிந்த பிள்ளையைப் பொறுப்பேற்றல், வன்முறைக்கு உள்ளான பெண்ணின் வாக்குமூலம் பெறுதல் எல்லாம் அவர்களுக்கே வந்தன. 1979இல் சிறுவர் மற்றும் மகளிர் பணியகம் நிறுவப்பட்டபோது இந்த வேலைப் பிரிவினை ஒரு முகவரியும் பெற்றது. இவை அற்பமான வேலைகள் அல்ல. ஆனால் பதவி உயர்வு நேர்முகத்தில் எடைபோடப்படும் அனுபவம் வேறு: குற்ற விசாரணை, நிலையப் பொறுப்பு, பிரிவுக் கட்டளை. அவற்றைப் பெறாதவர் உயர முடியாது. உயராதவருக்கு அவை தரப்படா.

பொதுப் பட்டியலின் வழி

இந்தியப் பொலிஸ் சேவையில் நடந்ததை இத்தோடு ஒப்பிடுவது பயனுடையது. அங்கே பெண்கள் மேலானவர்களாக நடத்தப்பட்டார்கள் என்பதற்காக ஒப்பிடவில்லை. தடை வேறு இடத்தில் இருந்தது என்பதற்காக ஒப்பிடுகிறேன். கிரண் பேடி ஒரு போட்டிப் பரீட்சையின் பொதுத் தரவரிசையில் தேறினார். அவருடைய மூப்பு அவருடைய தொகுதி ஆண்கள் அனைவரோடும் ஒரே பட்டியலில் எழுதப்பட்டது. எனவே அவருக்குக் கிடைத்த பணிகளும் பொதுப் பணிகள்: டில்லிப் போக்குவரத்து, திகார் சிறைச்சாலை, போதைப்பொருள் கட்டுப்பாடு. 1994இல் மக்சேசே விருது திகார் காலத்தை ஒட்டி வந்தது. பின்னர் 2007இல் டில்லிப் பொலிஸ் ஆணையாளர் பதவி தமக்கு இரண்டு ஆண்டு இளைய தொகுதியைச் சேர்ந்த ஓர் ஆண் அதிகாரிக்குத் தரப்பட்டபோது, பேடி விருப்ப ஓய்வு பெற்றார். அநீதி நடந்ததா என்பதில் இன்றும் இரு கருத்து உண்டு. ஆனால் அங்கே எவரும் ‘ஆணையாளர் என்ற சொல்லில் பெண் அடங்காள்’ என்று சொல்லவில்லை. சொல்ல ஏட்டில் பற்றுக்கோடு இல்லை.

சென்னை நிகழ்வு இன்னும் துலக்கமானது. 1976இல் சேவையில் சேர்ந்த லத்திகா சரண் 2006இல் சென்னை மாநகர ஆணையாளராகவும் 2010 தொடக்கத்தில் தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைமை இயக்குநராகவும் ஆனார். லத்திகா சரணின் நியமனத்தையும் ஒரு மூத்த ஆண் அதிகாரி வழக்காடினார். சென்னை உயர் நீதிமன்றம் அந்நியமனத்தை இரத்தும் செய்தது. காரணம், இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2006ஆம் ஆண்டுப் பிரகாஷ் சிங் தீர்ப்பு வகுத்த தெரிவு முறை பின்பற்றப்படவில்லை என்பது. மத்திய தேர்வாணையத்தின் பெயர்ப்பட்டியல் பெறப்பட்டு, ஆண்டு முடிவதற்குள் அவரே மீண்டும் நியமிக்கப்பட்டார். மூப்பும் நடைமுறையுமே அங்கே வழக்கின் பொருள். ஓர் ஆணின் நியமனத்தை எதிர்த்தும் அதே மனுவை எழுத்து மாறாமல் தாக்கல் செய்திருக்கலாம். கொழும்பு மனுவை அப்படி ஓர் ஆணுக்கு எதிராக எழுதவே முடியாது. இரு மனுக்களுக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாடு மனுதாரரின் குணத்தால் வந்தது என்று நம்புவதைவிட, ஒன்று பொதுப் பட்டியலிலிருந்தும் மற்றது பிரிந்த பட்டியலிலிருந்தும் பிறந்தன என்று கொள்வது சான்றுக்குப் பொருந்துகிறது.

இந்தியாவிலும் கடைநிலைக் கதை வேறு என்பதை மறக்கக் கூடாது. அனைத்திந்தியச் சேவையின் சில நூறு பெண்களுக்குப் பொதுப் பட்டியல் கிடைத்தது. மாநிலப் பொலிஸில் பெண்களின் பங்கு 2022 தொடக்கத்தில் 12 சதவீதத்தையும் எட்டவில்லை.

மனுவின் தர்க்கம்

இனி மனுவின் வாதத்தை அதன் சொந்த நிலத்திலேயே எடைபோடலாம். ‘பிரதிப் பொலிஸ் மா அதிபர்’ என்று மட்டும் விதியில் இருப்பதால் அது ஆணையே குறிக்கும் என்பது சட்டப் பொருள்கோடலில் நிற்காது. ஆண்பாற் சொல் பெண்பாலையும் உள்ளடக்கும் என்று 1901ஆம் ஆண்டின் பொருள்கோடற் கட்டளைச் சட்டமே சொல்கிறது. அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை பால் அடிப்படையிலான பாரபட்சத்தை வெளிப்படையாகத் தடுக்கிறது. இவ்வளவும் தெளிவு.

ஆனால் மனு பாலிலக்கணத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை என்பதை ஏற்க வேண்டும். அதன் பலம் ஒப்பீட்டில் இருக்கிறது: கீழே எல்லாப் படிகளிலும் ‘பெண்’ என்ற சொல் இருக்கிறது; இங்கே இல்லை; சொல்லப்பட்டது சொல்லப்படாததை விலக்கும். இது நீதிமன்றங்களுக்குப் பழக்கமான பொருள்கோடல் முறை. அதாவது, கீழ்த் தரங்களில் பெண்களை உள்ளே கொண்டுவந்த அதே சொல்தான் மேல் தரத்தில் அவர்களை வெளியே நிறுத்தும் சான்றாக மாறியது. கான்ஸ்டபிள் என்ற சொல்லுக்கு முன்னே ‘பெண்’ என எழுதியபோதே வெறும் ‘கான்ஸ்டபிள்’ ஆண் என்றாகிவிட்டது. முன்னொட்டில்லாத எல்லாப் பதவிகளும் அக்கணமே, எவரும் எழுதாமலே, ஆண் பதவிகளாயின. பிம்ஷானி ஜசின் ஆராச்சி 1997இல் சேவையில் சேர்ந்து இருபத்துமூன்று ஆண்டு ஏறிவந்த ஏணி இந்தச் சொல்லோடு கூடியது. அது முடிந்த இடத்தில் அவர் நின்றிருந்தால் எவரும் மனுப் போட்டிருக்க மாட்டார்கள்.

மறுப்புகள்

முதலாவது மறுப்பு வலுவானது. தனி ஆளணி இல்லாதிருந்தால் 1952இல் பெண்கள் சேர்க்கப்பட்டிருக்கவே மாட்டார்கள். ஒதுக்கீடு என்பது காப்பு. 12(4) உறுப்புரையே பெண்களின் முன்னேற்றத்துக்கான விசேட ஏற்பாட்டை அனுமதிக்கிறது. மங்கை நடராஜனின் கொல்லைப்புற வழி இங்கேதான் வருகிறது. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய மகளிர் நிலையங்கள், ஆண் அதிகாரியின் நிழல் விழாத இடத்தில் பெண் பொலிஸாருக்குத் தன்னம்பிக்கையையும், வீட்டு வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஏறிப்போக ஒரு படியையும் தந்தன என்பதை மறுப்பதற்கில்லை. பிரித்தானியப் பெண் பொலிஸின் வரலாற்றை எழுதிய லூயிஸ் ஜாக்சனின் ஆய்விலும், இணைப்போடு சிறுவர் நலத்தில் திரண்டிருந்த தனித்திறன் கரைந்ததைப் பற்றிய கவலை பதிவாகிறது. ஆக, பிரிவினையால் பயனே இல்லை என்பது என் வாதமல்ல.

நான் வற்புறுத்துவது, இரண்டு வேறு பொருள்கள் ஒரே பெயரில் கலந்துவிட்டன என்பதையே. ஆட்சேர்ப்பில் ஒதுக்கீடு குறைந்தபட்ச அளவாக வேலை செய்யலாம்: இத்தனைக்குக் குறையக் கூடாது. பதவி உயர்வில் அதே எண்ணிக்கை உச்ச வரம்பாக வேலை செய்கிறது: இத்தனைக்கு மேல் கூடாது. முதலாவது 12(4)இன் நோக்கத்துக்குள் வரும். இரண்டாவதை எந்த முன்னேற்றத்தின் பேரால் நியாயப்படுத்துவது? பணியகங்களையும் தனி மேசைகளையும் வைத்துக்கொண்டே மூப்புப் பட்டியலை ஒன்றாக்கலாம். கொல்லைப்புற வழி கூடத்துக்கு வந்து சேர வேண்டும். நம்முடையது அடுக்களையோடு நின்றது.

இரண்டாவது மறுப்பு மனுதாரர் பக்கத்தது. மூப்புள்ளவராய்க் காத்திருந்த ஆண்களின் ஏமாற்றம் பொய்யன்று. பொலிஸில் பதவி உயர்வு அரசியல் தயவால் தாமதித்ததும் முந்தியதும் நாடறிந்த கதை. 2001இன் 17ஆம் திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவை உருவாக்கியதே அதற்காகத்தான். இந்தக் குறையை மூப்பின் மொழியில் சொல்லியிருந்தால் அது சென்னை வழக்கைப் போல நடைமுறை வழக்காக இருந்திருக்கும். ஆனால் இரு பட்டியல்கள் தனித்தனியே ஓடும் சேவையில் யார் யாருக்கு மூத்தவர் என்பதே தீராத கேள்வி. ஒன்றாக எழுதப்படாத மூப்பை ஒப்பிட அளவுகோல் இல்லை. ஆண்களின் நியாயமான குறையும் அதே ஏட்டில்தான் சிக்கிக் கிடக்கிறது.

வெள்ளவத்தையிலிருந்து பார்த்தால்

மூன்றாவது மறுப்பை எழுப்புபவர் தமிழ் வாசகர். கொழும்பின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் ஒருவருக்கு, பொலிஸின் மேல்தட்டில் ஆண் இருந்தாலென்ன பெண் இருந்தாலென்ன என்ற அலுப்பு இயல்பானது. போர்க்காலத்தில் இந்தப் பகுதிகள் பொலிஸை அறிந்தது பதிவுப் படிவத்தாலும் சோதனைச் சாவடியாலும். 2007 யூன் 7 அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களிலிருந்து தமிழர் பஸ்களில் ஏற்றி வடக்கிற்கும் கிழக்கிற்கும் அனுப்பப்பட்டனர். 376 பேர் என்பது அன்று அறியப்பட்ட கணக்கு. அவர்களுள் 85 பேர் பெண்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுமீது உயர் நீதிமன்றம் மறுநாளே இடைக்காலத் தடை விதித்தது. பெண் பொலிஸாரின் தேவையைப் பெருக்கியதும் இதே போர்தான் என்பது நெருடலான உண்மை. சாவடியில் தமிழ்ப் பெண்ணின் கைப்பையைத் திறந்து பார்த்தவர், சட்டம் கேட்ட கண்ணியத்தின் பேரால் அங்கே நிறுத்தப்பட்ட சிங்களப் பெண் கான்ஸ்டபிள். ஒருவருக்கு வேலைவாய்ப்பானது மற்றவருக்கு நாளாந்த அவமானமாயிற்று. பெண் என்ற ஒற்றுமையை மட்டும் கொண்டு இந்த வரலாற்றை எழுதப் புகுவோர் இந்த இடத்தில் தடுமாறாமல் இருக்க முடியாது.

ஆயினும் அந்த அலுப்போடு நான் உடன்படவில்லை. ஆளணி ஏட்டின் தர்க்கம் பாலுக்கு மட்டும் உரியதல்ல என்பதே காரணம். 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2005இன் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் பாதுகாப்புக் கட்டளை கோரும் உரிமையைத் தந்தது. இரண்டும் ஏட்டளவில் ஒரு கொட்டாஞ்சேனைப் பெண்ணுக்குப் போதுமானவை. அவர் நிலையத்துக்குப் போகும்போது முறைப்பாட்டைக் கேட்பவர் பெண்ணாக இருக்கலாம், தமிழ் அறியாதவராக. தமிழ் அறிந்தவராக இருக்கலாம், ஆணாக. இரண்டும் ஒருவரிடம் கூடியிருப்பது, தமிழ் பேசும் பெண்களை எத்தனை பேராக, எந்தத் தரத்தில், எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று எவரோ ஏட்டில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. சிறப்புத் தேவைக்கென்று சேர்க்கப்படும் தமிழ் பேசும் கான்ஸ்டபிள், 1952இன் பெண் கான்ஸ்டபிளைப் போலவே, அந்தத் தேவைக்குள்ளேயே சேவைக்காலம் முழுவதும் கட்டுண்டிருக்கக் கூடும்: மொழிபெயர்ப்பார், வாக்குமூலம் எழுதுவார், நிலையப் பொறுப்பை எட்டார். பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவரின் நியமனத்தை எதிர்த்த மனுவை நாம் கவனமாக வாசிக்க வேண்டியது இதனால்தான். அதில் ‘பெண்’ என்று வரும் இடங்களில் ‘தமிழ் பேசும்’ என்று போட்டு வாசித்துப் பார்த்தால், வாக்கியங்கள் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன.